இளம் எக்ஸ் கதிர் பல்சரில் கிளிட்ச் பிடிப்பது எப்படி? தென்னாப்பிரிக்காவில் புதிதாகத் தொடங்குவோருக்கு

பெரிய மெகல்லன் மேகம் டர்பன் வானத்தில் மறைவதே இல்லை. மிகத் தாழ்ந்து போகும் நேரத்திலும் தென் அடிவானத்துக்கு மேல் 9 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பர் நடுவில் நள்ளிரவு வாக்கில் நல்ல உயரத்துக்கு வந்துவிடும். ஊர் விளக்கு எட்டாத இடமானால் வெறுங்கண்ணுக்கே வெள்ளைத் திட்டாகத் தெரியும். அந்த மேகத்துக்குள், ஏறக்குறைய 1,60,000 ஒளியாண்டுத் தொலைவில், என்157பி என்ற விண்மீன் வெடிப்பு மிச்சத்தின் நடுவே ஒரு பல்சர், அதாவது சுழலச் சுழலத் துடிப்பாக ஒளி வீசும் நியூட்ரான் விண்மீன், 16.1 மில்லி விநாடிக்கு ஒருமுறை சுழல்கிறது. பெயர் பிஎஸ்ஆர் ஜே0537−6910. 1998இல் ஆர்எக்ஸ்டிஇ என்ற எக்ஸ் கதிர் செயற்கைக்கோளின் தரவில் கண்டுபிடித்தார்கள். வானொலியில் அதன் துடிப்பு பிடிபடவில்லை. ஆகவே காரூவில் மீர்கேட் வானொலித் தொலைநோக்கி இருந்தும் இந்த வேலைக்கு ஆகாது. எக்ஸ் கதிர் ஒன்றே வழி.

புதியவர்கள் இந்த விண்மீனில் தொடங்குவது நல்லது. சுழற்சி திடீரென்று துள்ளும் கிளிட்ச், வேலா பல்சரில் ஏறக்குறைய மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும். இதிலோ ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் வருகிறது. ஓராண்டுத் தரவை எடுத்தாலே பழக மூன்று நிகழ்ச்சி கிடைத்துவிடும். இரண்டாவது வசதி, மெகல்லன் மேகம் சூரியப் பாதையின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் சூரியன் எப்போதும் 90 பாகை அளவில் விலகியே நிற்கும், ஆண்டில் எந்த மாதத்திலும் நோக்கலாம். மற்ற பல பல்சர்களைச் சூரியன் அருகில் வரும் மாதங்களில் கைவிட வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் கிளிட்ச் வந்தால் போனதுதான்.

முதலில் எண்கள்

கருவியைத் தொடுமுன் இந்தக் கணக்கைத் தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பின்னால் வரும் எல்லா முடிவும் இதிலிருந்துதான் வருகிறது.

சுழற்சி அதிர்வெண் சுமார் 61.9 ஹெர்ட்ஸ். அது விநாடிக்கு 2×10⁻¹⁰ ஹெர்ட்ஸ் வீதம் குறைகிறது. நாளுக்கு 17 மைக்ரோஹெர்ட்ஸ். ஒரு சராசரி கிளிட்ச் 10 முதல் 30 மைக்ரோஹெர்ட்ஸ் வரை துள்ளும். 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 மணி நேரத்தில் இழந்த வேகத்தை விண்மீன் ஒரே அடியில் திரும்பப் பெறுகிறது. அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஓராண்டு கிளிட்ச் எல்லாவற்றையும் கூட்டினாலும், அதே ஓராண்டில் குறைந்த வேகத்தில் ஒரு சதவீதம் அளவே திரும்பக் கிடைக்கும்.

இதை ஒரு நோக்கீட்டில் நேராகப் பார்க்க முடியாது. 5,000 விநாடி நோக்கினால் அதிர்வெண் வரைபடத்தில் முகட்டின் அகலம் 200 மைக்ரோஹெர்ட்ஸ் இருக்கும். தேடுவது அதில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அதே 20 மைக்ரோஹெர்ட்ஸ் ஒரு நாள் கழிந்தால் 1.7 சுற்று முந்திக்கொண்டு வருகிறது, ஒரு வாரத்தில் 12 சுற்று. அதிர்வெண்ணை அளப்பதை விட்டுவிட்டுச் சுற்றுகளை எண்ண ஆரம்பித்தால் கிளிட்ச் பூதாகாரமாகத் தெரியும். பல்சர் நேரக் கணிப்பு முழுவதும் இந்த எண்ணிக்கைதான். எண்ணிக்கை தவறினால் இல்லாத கிளிட்ச் முளைக்கும், இருக்கிற கிளிட்ச் மறையும்.

காரணம் பற்றிச் சுருக்கமாக. நியூட்ரான் விண்மீனின் ஓட்டுக்குள் நியூட்ரான்கள் மீப்பாய்மமாக, அதாவது உராய்வே இல்லாமல் ஓடும் பாய்மமாக, இருக்கின்றன. ஓடு மெதுவாகும்போது இந்தப் பாய்மம் உடன் மெதுவாகாமல் பழைய வேகத்தையே பிடித்துக்கொள்கிறது. அதன் சுழிகள் ஓட்டின் அணுக்கருக்களில் மாட்டிக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம். வேக வித்தியாசம் எல்லை மீறினால் சுழிகள் கூட்டமாகக் கழன்று தங்கள் சுழற்சியை ஓட்டுக்குக் கொடுக்கின்றன. 1975இல் ஆண்டர்சனும் இட்டோவும் முன்வைத்த விளக்கம் இது. ஓடு வெடித்து நடுங்குவதே காரணம் என்பது அதற்கு முந்தைய விளக்கம். வேலாவில் அடிக்கடி வரும் பெரிய துள்ளல்களுக்கு அது போதவில்லை. முதல் கிளிட்ச் அங்கேதான் தெரிந்தது, 1969இல். அதைக் கண்டவர்களில் ஒருவர் வி. ராதாகிருஷ்ணன், தண்டையார்பேட்டையில் பிறந்தவர், சர் சி.வி. ராமனின் மகன்.

கணினியும் மென்பொருளும்

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

லினக்ஸ் அல்லது மேக் போதும். விண்டோஸ் வைத்திருந்தால் அதற்குள் டபிள்யூஎஸ்எல் போட்டு உபுண்டு ஓட்டுங்கள். 8 ஜிபி நினைவகம், 100 ஜிபி காலி இடம் இருந்தால் ஓராண்டுத் தரவைச் சமாளிக்கலாம். வேண்டியவை இரண்டு. நாசாவின் ஹீசாஃப்ட், தரவைச் சுத்தம் செய்ய. பின்ட் என்ற பைத்தான் தொகுப்பு, நேரக் கணிப்புக்கு. பின்ட் நிறுவும்போது பலரும் விழும் குழி ஒன்று உண்டு. பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப்பில் வெறுமனே ‘பின்ட்’ என்று கேட்டால் அளவை அலகுகளுக்கான வேறொரு தொகுப்பு வந்து உட்கார்ந்துவிடும். ‘பின்ட்-பல்சார்’ என்று கேட்க வேண்டும். பழைய கை உள்ளவர்கள் டெம்போ2 பயன்படுத்துகிறார்கள். அதுவும் நல்லதே, ஆனால் எக்ஸ் கதிர் ஃபோட்டான்களுக்குப் பின்ட் எளிது.

ஹீசாஃப்ட்டை மூலநிரலிலிருந்து தொகுத்தால் நேரம் பிடிக்கும். நடுவில் லோட்-ஷெடிங் வந்தால் முதலிலிருந்து. தயாராகக் கட்டிவைத்த பொதியாக டாக்கர் வழியாக எடுப்பது நிம்மதி. அளவுத்திருத்தக் கோப்புகளான கால்டிபியை முழுதும் இறக்கத் தேவையில்லை, தொலைவழிக் கால்டிபியைக் கைகாட்டினால் வேண்டியதை மட்டும் அதுவே எடுத்துக்கொள்ளும். ‘நைஜியோடவுன்’ கட்டளையை மட்டும் மறக்காமல் ஓட்டுங்கள். புவிக்காந்தத் தரவு இல்லாவிட்டால் சுத்திகரிப்புப் படி பாதியில் நின்றுவிடும். அது தரும் பிழைச்செய்தியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது லேசில்லை.

இணையச் செலவு உறுத்தினால் உலாவியிலேயே ஹீசாஃப்ட் ஓடும் சைசெர்வரில் கணக்குத் திறந்துகொள்ளுங்கள். தரவு அங்கேயே இருக்கும், உங்களுக்கு வருவது வரைபடங்கள் மட்டும். பல்கலையில் பதிவு செய்தவர்களென்றால் துறையின் கணினியே போதும். குவாசுலு-நட்டால் பல்கலையின் வெஸ்ட்வில் வளாகத்தில் வானியற்பியல் ஆய்வு மையம் இருக்கிறது. கேட்டால் வழி சொல்வார்கள்.

தரவு எடுத்தல்

நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் நைசர் தொலைநோக்கியின் பதிவுகளைத் தேடுங்கள். நைசர் 2017 ஜூனில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனது. படம் எடுக்காது. ஒவ்வொரு எக்ஸ் கதிர் ஃபோட்டானும் வந்த நேரத்தை 300 நானோ விநாடிக்கும் குறைந்த பிழையில் குறிக்கும். நமக்கு வேண்டியது அதுதான். தேடலில் இடம்: வல ஏற்றம் 5 மணி 37 நிமிடம் 47 விநாடி, நடுவரை விலக்கம் −69 பாகை 10 நிமிடம் 20 விநாடி.

முதல் பயிற்சிக்கு நான்கைந்து மாதம் தொடர்ச்சியாக உள்ள பதிவுகளை எடுங்கள், அதில் ஏற்கெனவே வெளியான கிளிட்ச் ஒன்று நடுவில் இருக்க வேண்டும். விடை தெரிந்த கணக்கில் பழகுவது வெட்கமில்லை. 2017 முதல் 2020 வரை உள்ள நைசர் கிளிட்ச்கள் அட்டவணையாகவே வெளிவந்திருக்கின்றன. 2023 மே 22க்குப் பிந்தைய தரவைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். அன்று நைசரின் மேலுறையில் கிழிசல் ஏற்பட்டுச் சூரிய ஒளி உள்ளே கசிந்தது, அதன்பின் பகல்பக்கத் தரவுக்குத் தனிக் கவனம் வேண்டும்.

இறக்கும்போது ‘டபிள்யூகெட்’டில் விட்ட இடத்திலிருந்து தொடரும் தெரிவைப் போடுங்கள். மின்சாரம் போய்விட்டு வந்தாலும் மறுபடி முதல் பைட்டிலிருந்து தொடங்காது. ஒவ்வொரு நோக்கீட்டிலும் இரண்டு கோப்புறை அவசியம்: எக்ஸ்டிஐ, ஆக்ஸில். இரண்டாவதில்தான் நிலையத்தின் சுற்றுப்பாதைக் கோப்பு இருக்கிறது. ‘இது எதற்கு?’ என்று விட்டுவிட்டு வந்து பிறகு தேடுபவர்கள் நிறைய.

சுத்தம் செய்தல்

‘நைசர்எல்2’ கட்டளையை இயல்பு அமைப்புகளோடு ஒருமுறை ஓட்டுங்கள். பூமி விளிம்பிலிருந்து 15 பாகைக்குள், ஒளிரும் விளிம்பிலிருந்து 30 பாகைக்குள் வரும் நேரங்களையும், தென் அட்லாண்டிக் கதிர்வீச்சுப் பகுதியைக் கடக்கும் நேரங்களையும் அதுவே வெட்டிவிடும். பிறகு நீங்கள் செய்ய வேண்டியது மூன்று. சத்தம் மிகுந்த 14, 34 எண் உணரிகளை நீக்குங்கள். ஆற்றலை 1 முதல் 7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் நிறுத்துங்கள். அதற்குக் கீழே வெடிப்பு மிச்சத்தின் வெப்ப ஒளியும் பின்னணியும் அதிகம், மேலே துகள் பின்னணி அதிகம். கடைசியாக, 12 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் எண்ணிக்கை வீதத்தை 16 விநாடித் துண்டுகளாக வரைந்து, திடீரென எகிறும் துண்டுகளை வெட்டுங்கள். அந்த ஆற்றலில் விண்மீனின் ஒளி நைசரில் ஏறக்குறைய பதிவாகாது. எகிறினால் துகள்மழை என்று பொருள்.

அளவுக்கு மீறி வெட்டுகிற ஆசையும் வரும். இந்தப் பல்சரின் துடிப்புக்குரிய ஃபோட்டான்கள் கொஞ்சமே. பெரும்பகுதி சுற்றியுள்ள ஒளிமேகத்துக்குரியவை. பின்னணியை 10 சதவீதம் குறைக்க நேரத்தில் 40 சதவீதத்தைப் பலி கொடுத்தால் துடிப்பு மங்கிவிடும்.

நேரத்தைச் சூரியமண்டல மையத்துக்கு மாற்றுதல்

அவசரப்பட்டால் எல்லாம் கெடும் இடம் இது. பூமி சூரியனைச் சுற்றுகிறது, நிலையம் பூமியைச் சுற்றுகிறது. இரண்டையும் நீக்கினால்தான் விண்மீனின் கடிகாரம் தெரியும். ‘பேரிகார்’ கட்டளை அதைச் செய்கிறது. பின்ட்டின் ‘ஃபோட்டான்ஃபேஸ்’ கட்டளையிலும் செய்யலாம். எதில் செய்தாலும் சுற்றுப்பாதைக் கோப்பைக் கொடுக்க வேண்டும். நிலையம் பூமி மையத்திலிருந்து சுமார் 6,780 கிலோமீட்டரில் சுற்றுகிறது. ஒளிக்கு அது 22 மில்லி விநாடி தூரம். நம் பல்சரின் ஒரு முழுச் சுற்றே 16 மில்லி விநாடிதான். பாதைக் கோப்பு இல்லாமல் செய்த திருத்தத்தில் துடிப்பு முழுதும் கரைந்துபோகும், ‘பல்சர் அணைந்துவிட்டது’ என்று தோன்றும்.

இடக்கோணம் அடுத்த எதிரி. இடத்தில் ஒரு வில்விநாடி பிசகினால் நேரத்தில் 2.4 மில்லி விநாடி வரை ஆண்டலை ஒன்று ஏறி இறங்கும், 0.15 சுற்று. மெதுவான இந்த அலையைச் சிலர் கிளிட்ச்சுக்குப் பிந்தைய மீட்சி என்று எழுதிவிடுவதுண்டு. தேடலுக்குக் கொடுத்த முழுவிநாடி எண்கள் இங்கே போதாது. சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி அளந்த இடத்தைத் தசமங்களோடு எடுத்து, எல்லா நோக்கீட்டுக்கும் அதையே கொடுங்கள்.

மூன்றாவது, கோள்கள் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று சொல்லும் கோள்நிலை அட்டவணை. ஒரு பகுதியை டிஈ421இலும் மறுபகுதியை டிஈ440இலும் திருத்தினால் இரண்டும் ஒட்டாது. ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதிலேயே இருங்கள்.

சொந்தமாகப் பைத்தான் எழுதி நேரப் பத்தியைப் படிப்பவர்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. நைசர் கோப்பின் தலைப்பில் ‘டைம்ஸீரோ’ என்று −1 விநாடி இருக்கும். அதைக் கூட்டாமல் விட்டால் மற்றத் தொலைநோக்கித் தரவோடு ஒட்டும்போது 62 சுற்று இடறும். திருத்திய நேரம் டிடிபி என்ற சூரியமண்டல மைய நேர அளவில் இருக்கிறது; 2017 முதல் அது உலக நேரத்திலிருந்து 69.184 விநாடி முன்னே ஓடுகிறது. நம்மூர் நேரம் உலக நேரத்துக்கு இரண்டு மணி முன்னால். நாட்குறிப்பில் எந்த நேரம் என்று ஒவ்வொரு வரியிலும் எழுதிவைத்தால் பின்னால் தலைவலி குறையும்.

துடிப்பைத் தேடுதல்

இப்போது ஒவ்வொரு நோக்கீட்டிலும் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குத் தரமான கருவி எச்-டெஸ்ட். அது நம் நாட்டில் பிறந்தது: 1989இல் பொட்செஃப்ஸ்ட்ரூம் பல்கலையின் டி யாகர், ஸ்வானபூல், ராவ்பன்ஹைமர் மூவரும் வெளியிட்டது. துடிப்பின் வடிவம் முன்கூட்டித் தெரியாதபோது, ஃபோட்டான் குறைவாக இருக்கும்போது, எத்தனை ஒத்திசைகளைக் கூட்டுவது என்பதை அதுவே முடிவு செய்துகொள்கிறது. இன்று உலகெங்கும் உயர் ஆற்றல் பல்சர் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துவது இதைத்தான்.

எச் மதிப்பு வந்ததும் தற்செயல் வாய்ப்பை உடனே கணிக்கலாம்: −0.4ஐ எச்சால் பெருக்கி, e-யை அந்த அடுக்குக்கு உயர்த்துங்கள். எச் 40 என்றால் ஏறக்குறைய கோடியில் ஒன்று. ஆனால் எத்தனை அதிர்வெண்களில் தேடினீர்களோ அத்தனையால் அதைப் பெருக்க வேண்டும். எதிர்பார்க்கும் மதிப்புக்கு இருபுறமும் ஒரு மில்லிஹெர்ட்ஸ் தேடினால், ஏழு மணி நேர நீளமுள்ள நோக்கீட்டில் சுமார் 50 தனித்தனித் தேடல் ஆகும். எச் 40 அப்போதும் நிற்கும். 15 என்றால் சந்தேகம், ஃபோட்டான் போதவில்லை. ஒரே வாரத்தின் அடுத்த நோக்கீட்டோடு சேர்த்துப் பாருங்கள்.

சேர்க்கும்போது வேகக் குறைவையும் சேருங்கள். ஏழு மணி நீளத்தில் அது 0.06 சுற்றுத்தான் நகர்த்தும், விட்டாலும் பாதகமில்லை. ஒரு நாள் நீளத்தில் 0.75 சுற்று நகர்த்திவிடும். விட்டால் துடிப்பு கரையும்.

வரைபடத்தில் ஒரே முகடு நிற்காது. நிலையம் 93 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுவதால் நோக்கீடு துண்டுதுண்டாக வரும்; அதனால் உண்மை முகட்டின் இருபுறமும் சுமார் 180 மைக்ரோஹெர்ட்ஸ் தள்ளி நிழல் முகடுகள் எழும். சத்தம் தூக்கிவிட்டால் நிழல் அசலைவிட உயரமாகவும் நிற்கும். அண்டை நோக்கீடுகளின் அதிர்வெண்களை ஒரு கோட்டில் வரைந்து பாருங்கள். நிழலைப் பிடித்த புள்ளி 180 தள்ளித் தனியே நிற்கும், உடனே அகப்பட்டுவிடும்.

வருகை நேரமும் சுற்று எண்ணிக்கையும்

எல்லா நல்ல நோக்கீடுகளையும் சுழற்சிக் காலத்துக்கு ஒன்றாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி ஒரு மாதிரித் துடிப்பைச் செய்யுங்கள். இந்தப் பல்சரின் துடிப்பு ஒற்றை முகடு, ஒடுக்கமானது. ஒரு காஸ் வளைவு போதும். அந்த மாதிரியை ஒவ்வொரு நோக்கீட்டிலும் பொருத்தி ஒரு வருகை நேரம் எடுக்க வேண்டும். சில ஆயிரம் விநாடி நோக்கீட்டில் பிழை 0.02 சுற்று, அதாவது 300 மைக்ரோ விநாடி அளவில் வந்தால் நன்று.

அடுத்து எண்ணிக்கை. இரண்டு வருகை நேரங்களுக்கு நடுவே எத்தனை முழுச் சுற்று கழிந்தது? அதிர்வெண் பிழையை இடைவெளியால் பெருக்கினால் வரும் பிழை 0.2 சுற்றுக்குள் இருந்தால் எண்ணிக்கை ஐயமற்றது. அரைச் சுற்றை நெருங்கினால் ஒன்று கூடவோ குறையவோ வாய்ப்புண்டு. ஆகவே குறுகிய இடைவெளியில் தொடங்கிப் படிப்படியாக நீட்ட வேண்டும்.

ஏழு மணி நேர நோக்கீடு ஒன்று அதிர்வெண்ணை ஏறக்குறைய 1 மைக்ரோஹெர்ட்ஸ் பிழையில் தரும். இரண்டு நாளுக்கு நீட்டினால் 0.17 சுற்று, பரவாயில்லை. இரண்டு நாள் இடைவெளியில் எண்ணிக்கை உறுதியானதும் அதிர்வெண் பிழை 0.16 மைக்ரோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அடுத்து ஒரு வாரம் தாண்டலாம்: 0.1 சுற்று. ஒரு வாரம் உறுதியானால் இரண்டு வாரம். இரண்டு வாரத்துக்கு மேல் இன்னொரு தொல்லை வருகிறது. கிளிட்ச்சோடு வேகக் குறைவின் வீதமும் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை மாறுகிறது. அதை நீங்கள் அறியாமலிருந்தால் 7 நாளில் 0.04 சுற்று, 14 நாளில் 0.15, 30 நாளில் 0.67. ஒரு மாதம் ஒரே தாவாகத் தாவினால் எண்ணிக்கை போயிற்று என்பதற்குக் கணக்கு இதுதான்.

பின்ட்டும் டெம்போ2வும் இயல்பாகவே அருகிலுள்ள முழுச் சுற்றைப் பிடித்துக்கொள்ளும். எச்சம், அதாவது அளந்த வருகை நேரத்துக்கும் கணித்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம், எப்போதும் அரைச் சுற்றுக்குள் காட்டப்படும். தவறான தீர்வும் அழகாகவே தெரியும் என்பதால் இது ஆபத்து. எண்ணிக்கை உறுதியான புள்ளிகளுக்குச் சுற்று எண்களைக் கோப்பிலேயே எழுதிப் பூட்டிவிடுங்கள். பின்ட்டில் அதற்கான வசதி இருக்கிறது.

கிளிட்ச்சை அடையாளம் கண்டு பொருத்துதல்

சந்தேகப்படும் நாளுக்கு முந்தைய புள்ளிகளை மட்டும் வைத்துச் சுழற்சி மாதிரி ஒன்றைப் பொருத்துங்கள்: அதிர்வெண், குறைவு வீதம், தேவைப்பட்டால் இரண்டாம் வகைக்கெழு. பிறகு அதை முன்னோக்கி நீட்டி எச்சங்களைப் பாருங்கள். கிளிட்ச் இருந்தால் அன்று வரை தட்டையாக வந்த கோடு, ஒரு கூர் முறிவுக்குப் பின் நேர்கோடாகக் கீழே இறங்கும். துடிப்புகள் எதிர்பார்த்ததைவிட முன்கூட்டி வருகின்றன. வாரம் ஒன்றுக்கு 12 சுற்று இறங்குவதால் திரையில் அது கோடாகத் தெரியாமல் மேலும் கீழும் சிதறிய புள்ளிகளாகவே தெரியும். புதியவர்கள் அதைக் கண்டு தரவு கெட்டுவிட்டது என்று நினைத்து நீக்கிவிடுகிறார்கள். நீக்காதீர்கள். சிதறல் எந்த நாளில் தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்குப் பிந்தைய புள்ளிகளைத் தனியாக, மேலே சொன்ன படிகளில் முதலிலிருந்து இணையுங்கள். இரண்டு தனித் தீர்வுகள் கிடைத்ததும் இரண்டையும் ஒரே நாளுக்கு நீட்டிக் கழித்தால் வருவது துள்ளலின் அளவு.

அதன்பின் சுழற்சி மாதிரிக் கோப்பில் நான்கு வரி சேருங்கள். ஜிஎல்இபி_1 கிளிட்ச் நாள். ஜிஎல்எஃப்0_1 அதிர்வெண் துள்ளல். ஜிஎல்எஃப்1_1 குறைவு வீதத்தின் மாற்றம். ஜிஎல்பிஎச்_1 சுற்றுக் கட்டத்தின் இடறல். நாளைக் கடைசி முன் நோக்கீட்டுக்கும் முதல் பின் நோக்கீட்டுக்கும் நடுவில் வைத்து, பிழையாக இடைவெளியின் பாதியைப் போடுங்கள். நாளையும் கட்ட இடறலையும் ஒருசேரப் பொருத்த விடாதீர்கள். ஒன்று மற்றொன்றை விழுங்கும். கட்ட இடறல் பூச்சியம் என்று வைத்துக்கொண்டு நாளைக் கணிக்கலாமே என்று தோன்றும். 20 மைக்ரோஹெர்ட்ஸ் துள்ளலுக்கு 14 மணி நேரத்துக்கு ஒரு விடை வீதம் வரிசையாக வரும், ஒரு வார இடைவெளியில் பன்னிரண்டு விடை. அவற்றில் ஒன்றைத் தேர்ந்து நிமிடக் கணக்கில் நாள் குறிப்பது வெறும் துணிச்சல்.

சிறிய கிளிட்ச்சில்தான் உண்மையான சிக்கல். சுழற்சியில் இயல்பாகவே ஒரு மெல்லிய அலைச்சல் இருக்கிறது; ஒரு மைக்ரோஹெர்ட்ஸுக்குக் குறைந்த துள்ளலும் அதுவும் ஒன்றுபோலவே தெரியும். ஆர்எக்ஸ்டிஇயின் 13 ஆண்டுத் தரவை ஆராய்ந்த ஒரு குழு 45 கிளிட்ச் என்றது, இன்னொரு குழு 42 என்றது. இரண்டும் தேர்ந்த கைகள்தான். முறிவு கூராக இருக்கிறதா, குறைவு வீதமும் உடன் அதிகரித்ததா என்ற இரண்டையும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ‘சாத்தியம்’ என்று மட்டும் குறியுங்கள்.

கிளிட்ச் போலத் தெரியும் வேறு மாற்றங்கள்

அதே மெகல்லன் மேகத்தில், இந்தப் பல்சருக்கு அரைப் பாகைக்கும் குறைந்த தூரத்தில், பிஎஸ்ஆர் பி0540−69 இருக்கிறது. 50 மில்லி விநாடிப் பல்சர். 2011 டிசம்பரில் அதன் வேகக் குறைவு வீதம் 36 சதவீதம் அதிகரித்தது, அப்படியே நிலைத்தும் விட்டது. இப்படிப்பட்ட மாற்றத்தில் எச்சம் நேர்கோடாகப் போகாமல் வளைந்து போகும்: முதல் நாளில் கால் சுற்று, பத்தாம் நாளில் 25 சுற்று, அதுவும் எதிர்த்திசையில், துடிப்புகள் தாமதமாக. இதற்கு ஜிஎல்எஃப்0 வரியைத் திணித்தால் மென்பொருள் ஏதோ ஒரு எண்ணைக் கொடுக்கத்தான் செய்யும். எச்சம் இறங்குகிறதா ஏறுகிறதா, நேரா வளைவா என்று கண்ணால் பார்த்துவிட்டே பொருத்துங்கள்.

கெஸ் 75 என்ற வெடிப்பு மிச்சத்திலுள்ள பிஎஸ்ஆர் ஜே1846−0258 வேறு ரகம். 2006இல் அது மேக்னடார் (மிகக் கடுமையான காந்தப்புலமுள்ள நியூட்ரான் விண்மீன்) போல வெடித்துப் பொலிந்தது. கூடவே பெரிய கிளிட்ச். பின்னால் துள்ளலுக்கு மேலாகவே வேகத்தை இழந்து, கிளிட்ச் வராமலிருந்தால் இருந்திருக்கும் நிலைக்கும் கீழே போனது. இத்தகைய விண்மீனில் துடிப்பின் வடிவமே மாறலாம். ஆகவே கிளிட்ச் சந்தேகம் வந்த உடனே எண்ணிக்கை வீதம் ஏறியதா, துடிப்பின் முகடு இடம் மாறியதா என்று இரண்டையும் சோதியுங்கள். வடிவம் மாறியிருந்தால் பழைய மாதிரித் துடிப்பால் எடுத்த வருகை நேரங்கள் செல்லாது.

அடுத்த கிளிட்ச்சுக்குக் காத்திருத்தல்

ஜே0537இல் மற்றப் பல்சர்களில் இல்லாத ஒரு சௌகரியம். 2006இல் மிடில்டிச்சும் உடனிருந்தோரும் கண்டது: துள்ளல் பெரிதாக இருந்தால் அடுத்ததற்குக் காத்திருக்கும் காலமும் நீளும், ஒரு மைக்ரோஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 6.5 நாள். 20 மைக்ரோஹெர்ட்ஸ் துள்ளியிருந்தால் 130 நாள். நாள் குறித்துச் சொல்லும் அளவுக்கு நம்ப வேண்டாம். நோக்கீட்டின் நெருக்கத்தைத் திட்டமிட அது போதும். கணித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே புதிய பதிவுகள் காப்பகத்தில் வந்தவுடன் இறக்கி, அன்றைய வருகை நேரத்தை நீட்டிய மாதிரியோடு ஒப்பிட்டு வாருங்கள்.

ஒரு புள்ளி 0.1 சுற்றுக்கு மேல் விலகினால் அவசரப்படாமல் அதே பதிவை இரண்டாகப் பிரித்து இரண்டிலும் விலகல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த பதிவும் விலகினால் மட்டும் எழுதத் தொடங்கலாம். எழுதும்போது நாளையும் அதன் பிழையையும் டிடிபி அளவில், துள்ளலை மைக்ரோஹெர்ட்ஸில், பயன்படுத்திய இடக்கோணத்தையும் கோள்நிலை அட்டவணையின் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். ஈர்ப்பலைக் குழுக்கள் இந்தப் பல்சரிலிருந்து தொடர் அலை தேட நைசர் தந்த சுற்று எண்ணிக்கையையே பயன்படுத்தின, 2021இல் முடிவு வெளியிட்டன. அட்டவணை எண்ணை விட்டுவிட்ட தீர்வை அவர்களால் எடுத்துக்கொள்ள முடியாது.